பதினொன்று போனது, பத்துக்குப் பில்: குடோன் செயலியை டேலியுடன் இணைத்த ஒரு நிகழ்வு

## பின்னணி

மதுரை கீழமாசி வீதியில் கடை. ரிங் ரோட்டை ஒட்டி இரண்டு குடோன்கள். பிஸ்கட், சோப்பு, பற்பசை, ஷாம்பூ, தலைக்கு எண்ணெய் என்று நான்கு கம்பெனிகளின் விநியோக உரிமை வைத்திருக்கும் குடும்ப நிறுவனம் அது. தந்தை காலத்தில் சிட்டையும் பேரேடுமாக இருந்த கணக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு மாறியது. இப்போது இருப்பது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டேலி பிரைம். கடை மாடியில் ஒரு சர்வர் கணினி, பில் போட மூன்று கணினிகள். சரக்குப் பட்டியலில் 2,100 சொச்சம் பெயர்கள். நாளொன்றுக்கு 80 முதல் 110 பில்கள்.

குடோனில் கணினி கிடையாது. அங்கே முப்பது ஆண்டுகளாகப் பொறுப்பாளராக இருப்பவரை முதலாளி உட்பட எல்லோரும் அண்ணன் என்றே அழைக்கிறார்கள். அவரிடம் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு இருக்கும். வந்த வண்டி, போன வண்டி, இறங்கிய கேஸ் (பெரிய அட்டைப்பெட்டி), ஏறிய கேஸ் எல்லாம் அதில் உண்டு. அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2025 மே மாதத்தில் முதலாளியின் மகன் ஒரு குடோன் நிர்வாகச் செயலியை வாங்கினார். ஆண்ட்ராய்டில் இயங்குவது, பார்கோடு படிக்கும் நான்கு கையடக்கக் கருவிகளோடு வந்தது. எந்த அடுக்கில் எந்தச் சரக்கு, யார் எடுத்தார், எத்தனை எடுத்தார் என்பதையெல்லாம் பதிந்துகொள்ளும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். கருவிகளுக்குப் பணம் கட்டிய பிறகு, ஜூன் மாதத்தில், "டேலியோடு இணைத்துக் கொடுங்கள், பத்து நாள் வேலைதானே" என்று எங்களை அழைத்தார்கள். வண்டி வாங்கிய பிறகு பாதை போடக் கூப்பிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான்.

நாங்கள் டேலி இணைப்பு வேலை செய்யும் இருவர். வேலை முடிய ஆறு மாதம் ஆனது. அதில் நிரல் எழுதிய நாட்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. மீதி நாட்கள் எங்கே போயின என்பதுதான் இந்தப் பதிவு. நிறுவனத்தின் பெயரையும் செயலியின் பெயரையும் விட்டிருக்கிறேன். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை எங்களுடையவை.

## ஜூன்: ஒரு வாரம் பார்த்தது

முதல் வாரம் ஒரு வரி கூட எழுதாமல், பகலில் பில் பிரிவிலும் இரவில் குடோனிலும் உட்கார்ந்திருந்தோம்.

விற்பனையாளர்கள் பகலில் கடை கடையாக ஆர்டர் எடுப்பார்கள். மாலையில் பில் பிரிவு அக்கா அவற்றை நேரடியாகப் பில்லாகப் போடுவார். ஜிஎஸ்டி எண் உள்ள கடையென்றால் மின்னணு விலைப்பட்டியல் பதிவு, அதாவது ஐஆர்என், உடனே எடுத்துவிடுவார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். பில் நகல் குடோனுக்குப் போகும். இரவு எட்டு மணிக்கு மேல் லோடு ஏறும். அப்போதுதான் தெரியும், பில்லில் இருக்கும் ஷாம்பூ குடோனில் இல்லை என்று. அண்ணன் பேனாவால் அந்த வரியை அடிப்பார். வண்டி கிளம்பிவிடும். கடைக்காரர் அடித்த வரிக்குப் பணம் தரமாட்டார். மறுநாள் அக்கா அதற்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போடுவார்.

ஐஆர்என் எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்கு மேல் கிரெடிட் நோட்தான் வழி. வண்டி திரும்பி வந்து விவரம் தெரிவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். மே மாதக் கோப்பை அக்கா எடுத்துக் காட்டினார். "சரக்கு குறைவு" என்ற ஒரே காரணத்தோடு 74 கிரெடிட் நோட்டுகள்.

முதலாளியின் மகன் இதைக் குடோன் ஆட்களின் கவனக்குறைவு என்று நினைத்திருந்தார். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. டேலியில் இருப்பு 12 கேஸ் என்று காட்டியதால் அக்கா பில் போட்டார். குடோனில் 12 கேஸ் இல்லை. அந்த 12 எப்போது, எப்படிப் பொய்யானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சரக்குப் பட்டியலைத் திறந்ததும் ஒரு காரணம் கிடைத்தது. சில சோப்புகளுக்கு அடிப்படை அலகு பீஸ், சிலவற்றுக்குப் பெட்டி, சிலவற்றுக்குக் கேஸ். ஒரே பிஸ்கட் இரண்டு பெயர்களில் இருந்தது. ஒன்றில் வார்த்தைகளுக்கு நடுவே இரண்டு இடைவெளி, மற்றதில் ஒன்று. கம்பெனி ஒரு கேஸுக்கு 48 என்று அனுப்பியதை ஒரு பருவத்தில் 40 ஆக்கியிருந்தது. டேலியில் இன்னும் 48.

இன்னொன்று பார்கோடு. பாக்கெட்டின் பார்கோடு பொருளைச் சொல்லும், விலையைச் சொல்லாது. எம்ஆர்பி 45 ஆக இருந்த பற்பசையும் 48 ஆன பற்பசையும் ஒரே கோட்டோடு அடுத்தடுத்த அடுக்கில் இருக்கின்றன. அண்ணன் அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். கருவிக்கு அது தெரியாது.

## ஜூலை: எந்த எண்ணுக்கு யார் சொந்தக்காரர்

இணைப்பு என்றதும் எல்லோரும் கேட்பது, "இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று. அதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் மாற்றலாம் என்று விட்டால், எது கடைசியில் வந்ததோ அதுவே உண்மையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வீடு என்று ஒரே தாளில் எழுதி, முதலாளி, அக்கா, அண்ணன், ஆடிட்டர் நால்வரிடமும் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்து கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. பின்னால் இரண்டு முறை அந்தத் தாளை எடுத்து மேசையில் வைக்க வேண்டியிருந்தது.

பொருளின் பெயர், அலகு, எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்துவது), வரி, விலை, வாடிக்கையாளர் எல்லாம் டேலிக்குச் சொந்தம். செயலி படித்துக்கொள்ளலாம், தொடக்கூடாது. அடுக்கு எண்ணும், யார் எடுத்தார் என்பதும் செயலிக்குச் சொந்தம். டேலிக்கு அது தேவையே இல்லை. குடோனை விட்டு எத்தனை வெளியேறியது என்பதைச் செயலி சொல்லும், டேலி கேட்டுக்கொள்ளும். செயலி ஒருபோதும் வரிப் பில் போடாது.

கடைசி விதியைச் செயலி விற்றவர் விரும்பவில்லை. கருவியிலேயே பில் அடித்துக் கொடுக்கும் வசதிதான் அவருடைய பெருமை. ஆனால் பில் எண் வரிசை, வரிக் கணக்கீடு, ஐஆர்என், ஈ-வே பில் (சரக்கு வண்டிக்கான மின்னணு ஆவணம்) ஆகிய நான்கும் ஏற்கெனவே டேலியில் ஒழுங்காக ஓடுகின்றன. ஓடுவதைப் பிடுங்கி வேறிடத்தில் நட எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வேலையின் வரிசையையும் மாற்றினோம். அக்கா இனி மாலையில் பில் போடமாட்டார். சேல்ஸ் ஆர்டர் போடுவார். செயலி அதை எடுத்துக்கொள்ளும். குடோனில் எடுத்து ஸ்கேன் செய்து முடித்ததும், எடுத்த எண்ணிக்கை டெலிவரி நோட்டாக டேலிக்கு வரும். அதிலிருந்து பில். ஆக, பில் சரக்கைத் தேடிப் போகாமல், எடுத்த சரக்கின் பேரில் பில் எழுதப்படும்.

ஆடிட்டர் ஒரு நிபந்தனை வைத்தார். சரக்கு விற்பனைக்காக வெளியேறும்போதோ அதற்கு முன்போ வரிப் பில் இருந்தாக வேண்டும்; ஜிஎஸ்டி சட்டத்தின் 31ஆம் பிரிவு அது. டெலிவரி நோட்டோடு வண்டியை அனுப்பிவிட்டுக் காலையில் பில் போடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. எனவே பில் பிரிவில் ஒருவர் இரவு பத்து வரை இருக்க வேண்டியதாயிற்று. அக்கா கேட்டார்: "அந்த ஒருவர் யார், நான்தானே?" அவர் கேட்டது நியாயம். இரண்டு பேர் முறைவைத்து இருப்பது என்றும், இரவு தங்குபவருக்குத் தனிப்படி என்றும் முதலாளி ஒப்புக்கொண்ட பிறகே திட்டம் நகர்ந்தது.

இன்னொரு விவாதத்தில் நாங்கள் தோற்றோம். எம்ஆர்பி வாரியாக இருப்பைப் பிரிக்க, டேலியில் பேட்ச் வசதியை இயக்கி ஒவ்வொரு விலையையும் ஒரு பேட்ச் ஆக வைக்கலாம் என்றோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கூடுதல் திரை வரும் என்று அக்கா மறுத்தார். நாங்களும் விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்தது தவறு.

தொழில்நுட்பப் பகுதி சிறியது. டேலி பிரைம் திறந்திருக்கும்போது 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் கேள்வி கேட்கலாம், வவுச்சர் (கணக்குப் பதிவு) அனுப்பலாம். சர்வர் கணினியில் ஒரு சின்ன இடைநிரலை வைத்தோம். ஒரு பக்கம் செயலி, மறுபக்கம் டேலி. பெயர்கள் அடிக்கடி மாறும் என்பதால், பெயரை வைத்துப் பொருத்தாமல் டேலி ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளே வைத்திருக்கும் நிரந்தர அடையாள எண்ணை வைத்துப் பொருத்தினோம். 'மற்றும்' என்பதற்குப் போடும் & குறி உள்ள பெயர்கள் எக்ஸ்எம்எல்லை உடைக்கும் என்பது தெரிந்திருந்தும் முதல் சோதனையில் மறந்துவிட்டோம். எல்லோரும் ஒருமுறை மறக்கும் விஷயம் அது.

## ஆகஸ்ட்: எண்ணும் ஞாயிறுகள்

ஆகஸ்ட் 10 ஞாயிறு முதல் குடோன், 17 ஞாயிறு இரண்டாவது. கடையை அடைத்துவிட்டு, சுமைத் தொழிலாளர்கள் பதினோரு பேரும் அண்ணனும் நாங்களும் எண்ணினோம். டேலியின் இருப்போடு பாதிப் பொருட்கள் கூட ஒத்துவரவில்லை.

இங்கே ஒரு நிறுத்தம். செயலியில் "சரிசெய்" என்று ஒரு பொத்தான் உண்டு. அடுக்கில் எண்ணியது 9, பதிவில் 12 என்றால் அழுத்தினால் போதும், 9 ஆகிவிடும். குடோன் ஆளுக்கு அது ஒரு திருத்தம், அவ்வளவுதான். ஆனால் இந்த நிறுவனத்தின் டேலியில் கணக்கும் சரக்கிருப்பும் ஒருங்கிணைந்தவை. இருப்பு குறைந்தால் இறுதிச் சரக்கு மதிப்பு குறையும், லாபம் குறையும். அதோடு முடியவில்லை என்றார் ஆடிட்டர். தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரிவரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவை, திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. லோடு ஏற்றும் பையன் இரவு ஒன்பதரைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் அது வரிப் பொறுப்பாக மாறக்கூடும்.

பொத்தானை எடுத்துவிடலாமா என்று யோசித்தோம். எடுத்தால் குடோன் ஆட்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள். இல்லாத சரக்கை வேறு பில்லில் ஏற்றிச் சரிக்கட்டுவார்கள். அது இன்னும் மோசம். ஆகவே பொத்தான் இருக்கட்டும், ஆனால் அதன் விளைவு டேலியில் ஆப்ஷனல் வவுச்சராக வரட்டும் என்று முடிவெடுத்தோம். ஆப்ஷனல் வவுச்சர் பதிவில் தெரியும். உறுதிசெய்யும் வரை கணக்கைத் தொடாது. காலை பத்து மணிக்கு அக்கா பட்டியலைத் திறந்து, அண்ணனுக்குப் போன் செய்து, காரணம் கேட்டு எழுதி, ஒவ்வொன்றாக உறுதிசெய்வார். எலி கடித்ததா, நனைந்ததா, எண்ணிக்கைப் பிழையா என்பது அந்த வரியிலேயே இருக்கும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. நிரலாக ஒரே ஒரு வரி.

ஆகஸ்ட் 18 திங்கள், முதல் குடோனில் மட்டும் தொடங்கினோம்.

## பதினொன்றும் பத்தும்

ஒன்பது நாட்கள் அமைதியாகப் போயின. அமைதி எங்களை ஏமாற்றியது. பத்தாம் நாள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் விற்பனையாளரிடம் பில்லை நீட்டினார்: பத்துக்கு ஒன்று இலவசம் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கும் காசு போட்டிருக்கிறீர்களே?

இந்தத் தொழிலில் பாதி விற்பனை இப்படிப்பட்ட திட்டங்களில்தான் நடக்கிறது. டேலியில் இதற்கென்றே இரண்டு பத்திகள் உண்டு: உண்மையில் போன எண்ணிக்கை, பில் போடும் எண்ணிக்கை. பதினொன்று போகும், பத்துக்குப் பணம். அக்கா பல ஆண்டுகளாக அப்படித்தான் போடுகிறார். செயலிக்கோ எண்ணிக்கை ஒன்றே ஒன்றுதான். ஸ்கேன் செய்தது பதினொன்று. நாங்கள் அந்த ஒன்றை எடுத்து இரண்டு பத்திகளிலும் நிரப்பிவிட்டோம். சோதனையில் தெரியவில்லை, ஏனென்றால் சோதனைக்கு நாங்கள் எடுத்த பொருட்களில் எதற்கும் அப்போது திட்டம் கிடையாது.

அண்ணன் ஒன்றுதான் சொன்னார். "தம்பி, பதினொன்று போனது, பத்துக்குத்தான் காசு. இது உங்கள் கருவிக்குத் தெரியுமா?"

அவசரமாகச் செய்த முதல் திருத்தமும் தவறு. பில் எண்ணிக்கையை ஆர்டரிலிருந்தும், போன எண்ணிக்கையைச் செயலியிலிருந்தும் எடுத்தோம். பதினொன்றும் இருந்தால் சரி. ஆனால் குடோனில் ஆறுதான் இருந்தால்? ஆறு போனது, பத்துக்குப் பில். முன்பைவிடப் பெரிய பிழை. நல்லவேளையாக முதல் இரவிலேயே அக்கா பிடித்துவிட்டார்.

திட்ட விதிகளையே இடைநிரலுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று என் கூட்டாளி சொன்னார். நான் மறுத்தேன். கம்பெனிகள் திட்டத்தை மாதத்துக்கு மாதம் மாற்றும். சில கடைகளுக்கு மட்டும் தனித் திட்டம் உண்டு. ஆறு எடுத்த கடைக்காரருக்கு அரைப் பங்கு இலவசம் கொடுப்பதா வேண்டாமா என்பது விற்பனையாளரின் வாய்ப்பேச்சில் இருக்கிறது. கடைசியில் வந்த ஏற்பாடு: ஆர்டரில் இருந்த அத்தனையும் எடுக்கப்பட்டிருந்தால் பில் எண்ணிக்கையை ஆர்டர் தீர்மானிக்கும். ஒன்று குறைந்தாலும் அந்த டெலிவரி நோட் ஒரு குறியோடு வந்து நிற்கும். அக்கா பார்த்து முடிவெடுப்பார். ஓர் இரவுக்கு ஏழெட்டு அப்படி நிற்கும்.

போன எண்ணிக்கை பதினொன்று என்று பதிவில் இருப்பது ஏன் முக்கியம் என்பதையும் ஆடிட்டர் விளக்கினார். ஒன்று வாங்கினால் ஒன்று என்ற வகைச் சலுகையை, தனியாகக் கொடுத்த இலவசமாகக் கருதாமல், இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றதாகவே கொள்ளலாம் என்று 2019 மார்ச் மாத ஜிஎஸ்டி சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. பில்லில் பதினொன்றாம் பெட்டி தெரியாமல் இருப்பில் மட்டும் குறைந்தால், அது தானமாகக் கொடுத்த சரக்கைப் போலத் தோன்றும்; தானத்துக்கு வரிவரவு கிடையாது.

அதிகமாக வசூலான தொகைக்கு 31 கடைகளுக்குக் கிரெடிட் நோட் போட்டோம். முதலாளி எங்களைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

## செப்டம்பர் முதல் வாரம்: இரட்டைப் பதிவு

இரவு ஒன்பது மணிக்குச் சர்வரில் காப்பு நகல் எடுக்கும் வேலை ஓடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் டேலி மெதுவாகப் பதில் சொல்லும். எங்கள் இடைநிரல் 30 விநாடி காத்திருந்துவிட்டு, பதில் வராததால் டெலிவரி நோட்டை மறுபடி அனுப்பியது. டேலியோ முதலாவதை ஏற்கெனவே பதிந்துவிட்டிருந்தது; பதில்தான் தாமதம். மூன்று இரவுகளில் 37 டெலிவரி நோட்டுகள் இரட்டையாயின; நான்கு மூன்றாயின. சில பொருட்களின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகே கவனித்தோம்.

எது உண்மை, எது நகல்? ஒரே கடைக்கு ஒரே நாளில் இரண்டு முறை சரக்கு போவதும் உண்டு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க முடியாது. அப்போதுதான் அண்ணனின் நோட்டு வந்தது. கருவிகள் வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. முதலாளியின் மகன் அதை மாற்றத்துக்கு எதிரான பிடிவாதம் என்று இரண்டு முறை கடிந்திருந்தார். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டு மாலைகள் அந்த நோட்டை வைத்து ஒவ்வொரு வண்டியாகச் சரிபார்த்துக் கூடுதல் பதிவுகளை நீக்கினோம். நோட்டில் ஒரு பிழை கூட இல்லை.

திருத்தம் எளிது, முதலிலேயே செய்திருக்க வேண்டியது. செயலி தரும் ஆவண எண்ணை டேலி வவுச்சரின் குறிப்பு எண்ணாக எழுதினோம். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவதற்கு முன், "இந்த எண் உன்னிடம் இருக்கிறதா" என்று டேலியைக் கேட்கும். இருந்தால் அனுப்பாது. காப்பு நகல் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றினோம். சர்வர் கணினியில் டேலியை யாரும் மூடக்கூடாது என்று திரையின் மேல் காகிதம் ஒட்டினோம்; அதையும் மீறி மூடினால் முதலாளியின் மகனுக்குக் குறுஞ்செய்தி போகும்.

## செப்டம்பர் 22

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றம் வரி அடுக்குகளை மாற்றியது. சோப்பு, பற்பசை, ஷாம்பூ, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம். நடைமுறைக்கு வரும் நாள் 22, திங்கள். இந்த நிறுவனத்தின் சரக்கில் பெரும்பகுதி அதில் அடங்கியது. இணைப்பு தொடங்கி ஐந்து வாரம்.

வரியைப் பொறுத்தவரை நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. செயலி வரியைத் தொடக்கூடாது என்று ஜூலையில் எழுதிய விதி இங்கே காப்பாற்றியது. சனிக்கிழமை இரவு எடுத்துவைத்த சரக்கு திங்கள் காலை வண்டி ஏறியபோது, பில் திங்கள் தேதியில், புதிய விகிதத்தில் டேலியிலேயே விழுந்தது. கருவியில் பில் அடிக்கும் வசதியை ஏற்றிருந்தால் நான்கு கருவிகளிலும் அந்த ஞாயிறு முழுக்க விகிதம் மாற்றிக்கொண்டிருந்திருப்போம்.

விலைதான் சிக்கல். பழைய எம்ஆர்பி அச்சிட்ட பெட்டி, அதன் மேல் குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி, கம்பெனியிலிருந்து புதிய விலையோடு வரப்போகும் பெட்டி, மூன்றுக்கும் பார்கோடு ஒன்றே. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் சில கம்பெனிகள் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டின. அது இன்னொரு வகை. பழைய இருப்புக்குக் கம்பெனி விலை வித்தியாசம் தர வேண்டுமானால், எந்த விலையில் எத்தனை கையில் இருந்தது என்று காட்ட வேண்டும்.

ஜூலையில் கைவிட்ட பேட்ச் வசதியை 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் இயக்கினோம். ஏற்கெனவே இருக்கும் இருப்பை டேலி "பிரைமரி பேட்ச்" என்ற ஒரே தலைப்பில் வைக்கும். அதிலிருந்து ஒவ்வொரு விலைக்கும் ஸ்டாக் ஜர்னல் (இருப்பை இடம் மாற்றும் பதிவு) போட்டுப் பிரிக்க வேண்டும். அதற்கு மீண்டும் எண்ண வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எண்ணத் தொடங்கி, இரவு பதினொன்றுக்கு முடித்தோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் 900க்கும் மேற்பட்ட வரிகளைச் சரிபார்த்தார். இடையில் ஒருமுறை மட்டும், "ஜூலையிலேயே நீங்கள் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்கலாம்" என்றார்.

கருவியில் இப்போது ஸ்கேன் செய்ததும், ஒரே கோட்டுக்கு இரண்டு விலை இருந்தால் எந்த விலை என்று கேட்கும். ஒரு தட்டு கூடுதல். அண்ணன் அட்டைப்பெட்டி ஓரத்தைப் பார்த்துச் செய்த வேலையைத்தான் அது கேட்கிறது.

## ஆயுத பூஜை, தீபாவளி

அக்டோபர் 1 ஆயுத பூஜை. குடோனில் தராசு, தள்ளுவண்டி, லாரியோடு நான்கு கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொட்டு சரியாக ஸ்கேனர் கண்ணாடியின் மேல். அடுத்த வேலை நாள் காலையில் "இணைப்பு வேலை செய்யவில்லை" என்று போன் வந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் சரியானது. அடுத்த ஆண்டு பொட்டைப் பின்பக்கம் வைப்பதாகப் பேச்சு.

தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பில்கள் நாளொன்றுக்கு 190 வரை போயின. முதல் வாரத்தில் லோடு ஏற்றி முடிக்க வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதமானது. பில் பிரிவில் இரவு ஒருவர் போதவில்லை. இரண்டாவது வாரம் இருவரும் இருந்தார்கள். நின்றுபோகவில்லை என்பதே எங்களுக்குப் பெரிது.

## டிசம்பர் நிலை

மே மாதத்தில் 74 ஆக இருந்த "சரக்கு குறைவு" கிரெடிட் நோட்டுகள் நவம்பரில் 9. அந்த ஒன்பதும் இரண்டாவது குடோனிலிருந்து. டிசம்பரில் 200 பொருட்களை எடுத்து எண்ணிப் பார்த்ததில் 183 சரியாக ஒத்தன. ஒத்துவராத 17இல் பதினொன்றுக்கு, ஆப்ஷனல் பட்டியலில் அக்கா இன்னும் உறுதிசெய்யாத பதிவே காரணம்.

இரண்டாவது குடோன் தகரக் கூரை. உள்ளே தொடர்பு கிடைக்காது. கருவி தன்னிடமே சேர்த்துவைத்து, யாராவது அதை வாசல் வரை எடுத்துவரும்போதுதான் அனுப்புகிறது. சில நாள் அது மாலை வரை நடப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் டேலியின் இருப்பைப் பார்த்து விற்பனையாளர் ஆர்டர் எடுத்துவிடுகிறார். வாசலிலிருந்து உள்ளே கம்பி இழுக்க 2026 ஜனவரியில் ஆள் வருவதாக ஏற்பாடு.

இரவு தங்கும் இருவரில் ஒருவர் நவம்பரில் வேலையை விட்டுவிட்டார். நேரம்தான் காரணம் என்று அக்கா சொன்னார். இந்தச் செலவு நாங்கள் கொடுத்த மதிப்பீட்டில் எங்கும் இல்லை.

## மறுபடி செய்வதென்றால்

கருவி வாங்குவதற்கு முன் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொல்வேன். 2,100 பெயர்கள் 1,760 ஆகக் குறைந்தன. அந்த வேலைக்குச் செயலியே தேவையில்லை.

சோதனைக்குப் பொருட்களை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அண்ணனிடம், "உங்களுக்கு அதிகம் தொல்லை தரும் இருபது சரக்கைச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். இலவசத் திட்டமும் இரட்டை விலையும் முதல் நாளிலேயே வெளிவந்திருக்கும்.

பதில் வராத செய்தியை மறுபடி அனுப்பும் எந்த இணைப்பிலும், முன்பே பதிவானதா என்று கேட்காமல் அனுப்பும் பதிப்பை ஒருநாள் கூட ஓடவிட மாட்டேன். சர்வரில் இரவில் வேறு என்னென்ன ஓடுகின்றன என்பதை முதல் வாரத்திலேயே எழுதி வாங்குவேன்.

நோட்டை ஒரு மாதம் கட்டாயமாக எழுதச் சொல்வேன், அதற்குக் கூலியும் சேர்த்து.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது: திரும்பி வரும் சரக்கு. காலாவதியானது, நசுங்கியது, கடைக்காரர் வேண்டாம் என்றது எல்லாம் மாலையில் வண்டியோடு கலந்து வருகிறது. பாதிக்குப் பில் எண் தெரியாது, சில பாக்கெட்டுகளில் பார்கோடே கிழிந்திருக்கும். செயலியில் இதற்கு ஒரு திரை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் மூல பில் எண் கேட்கும் அந்தத் திரையை இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினோம். இப்போது அண்ணன் அவற்றைத் தரையில் கம்பெனி வாரியாகப் பரப்பி, தன் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புகிறார். அக்கா மறுநாள் நாலு மணிக்கு உட்கார்ந்து கையால் பதிகிறார்.